யாருடைய ஆள் இந்தத் தரகர்?

‘தரகர்கள் அழைக்க வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு வீட்டு விளம்பரம் கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விளம்பரம் வந்த காலையில் முதலில் அடித்த போன் ஒரு தரகருடையதாகத்தான் இருந்திருக்கும். “சார், நேரடி பார்ட்டி ஒண்ணு கையில ரெடியா இருக்கு” என்று பேச்சு தொடங்கும். மூன்று மாதம் வீடு விலைபோகாமல் கிடந்தால், வேண்டாம் என்று சொன்ன அதே உரிமையாளர் அந்த எண்ணைத் தேடி எடுப்பார். தமிழ்நாட்டில் வீட்டுத் தரகரை நாம் முழுதாக நம்புவதும் இல்லை, ஒதுக்குவதும் இல்லை. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் தரகர்களின் குணம் என்றே பொதுவாகப் பேசப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் செய்யும் வேலையையும் அதற்குக் கூலி வரும் வழியையும் சேர்த்துப் பார்த்தால், சிக்கல் வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

தரகர் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவர்களில் பல ரகம் உண்டு. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், அடுக்ககத்தின் வாட்ச்மேன், மளிகைக் கடைக்காரர் ஆகியோருக்கு எந்த வீடு காலியாகிறது என்பது உரிமையாளருக்கு முன்பே தெரியும். இவர்கள் தகவல் தருகிறவர்கள், கிடைப்பதில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வார்கள். அடுத்து, ஒரு பேட்டையையே கரைத்துக் குடித்த புரோக்கர். அலுவலகம், பெயர்ப்பலகை, ஜி.எஸ்.டி. எண் வைத்திருப்பவர் அவருக்கு மேலே. கட்டுமான நிறுவனங்களின் புதிய ஃபிளாட்டுகளை விற்றுத்தருபவர்கள் தனிக் கூட்டம். அவர்களுக்குக் கமிஷன் தருவது நிறுவனம். வாடகை வீடென்றால் ஒரு மாத வாடகை, விற்பனை என்றால் ஒவ்வொரு தரப்பிலும் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்பது சென்னை வழக்கம். இந்த விகிதத்தைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. பேரம் பேசித் தீர்ப்பதுதான். ‘ஒவ்வொரு தரப்பிலும்’ என்றேன். அதற்குப் பிறகு வருவோம்.

வீட்டை விற்றுத்தருவது என்றால் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவது என்று நினைக்கிறோம். உண்மையில் வேலை தொடங்குவது விலையில். உரிமையாளர் சொல்லும் விலைக்கு ஆதாரம் பெரும்பாலும் எதிர்வீட்டுக்காரர் சொன்ன விலை. எதிர்வீட்டுக்காரர் சொன்னது தான் கேட்ட விலையை. கடைசியில் கைக்கு வந்ததை யாரும் வெளியே சொல்வதில்லை. நல்ல தரகருக்கு இந்த இரண்டாவது எண் தெரியும். தெரியாதவருக்கும் வழி இருக்கிறது. பதிவுத் துறை இணையதளத்தில் தெருவாரியாக வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். அந்த இடத்து வில்லங்க விவரத்தைத் திறந்தால் பக்கத்து ஃபிளாட்டுகள் எந்தத் தொகைக்குக் கிரயமாயின என்பதும் கிடைக்கும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் இன்னும் போகாததால் அந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வெறும் வாய்ப்பேச்சைவிட அது உறுதியான தரை.

பழைய ஃபிளாட் என்றால் கணக்கே வேறு. அங்கே நிஜமான சொத்து, பத்திரத்தில் எழுதியிருக்கும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, எல்லோரும் ‘யு.டி.எஸ்.’ என்கிறார்கள். உதாரணத்துக்கு, 1,000 சதுர அடியில் 25 வருடம் பழைய ஃபிளாட், யு.டி.எஸ். 480 சதுர அடி, அந்தத் தெருவில் நிலம் சதுர அடி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிலப் பங்கு மட்டும் 57.6 லட்சம். கட்டடத்தை இன்று கட்டினால் 22 லட்சம் ஆகும் என்றாலும் 25 வருடத் தேய்மானத்தில் பாதியைக் கழித்துவிட்டால் 11 லட்சம்தான் நிற்கும். ஆக, 68, 69 லட்சத்தைச் சுற்றித்தான் பேச்சு ஓட வேண்டும். உரிமையாளர் 90 லட்சம் கேட்கிறார், தரகரும் “பார்த்துடலாம் சார்” என்கிறார் என்றால், பட்டியலில் ஒரு வீடு கூட வேண்டும் என்பதற்காகத் தலையாட்டுகிறார் என்று பொருள். அந்த ஃபிளாட் ஆறு மாதம் இணையத்தில் கிடந்து பழசாகும். ‘அதில் ஏதோ வில்லங்கம் இருக்கு போல’ என்ற பேச்சு கிளம்பும். பிறகு 65-க்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும். முதல் நாளே 70 என்று சொல்லி உரிமையாளரின் கோபத்தை வாங்கிக்கொள்கிற தரகர்தான் அவருக்கு உதவியவர்.

அந்த 1,000 சதுர அடியிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. மாடிப்படி, லிஃப்ட், நடைபாதையில் உள்ள பங்கெல்லாம் சேர்ந்த எண் அது. உள்ளே நாடா பிடித்து அளந்தால் 750 கூட வராமல் போகலாம். புதிய திட்டங்களில் உள்ளளவை, அதாவது கார்பெட் ஏரியாவைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. மறுவிற்பனையில் பழைய கணக்கே ஓடுகிறது.

விலை முடிந்த பிறகுதான் விளம்பரம். இங்கேயும் நம் ஊருக்கென்று ஒரு கோணல் உண்டு. அமெரிக்காவில் ஒரு வட்டாரத்தின் முகவர்கள் தங்களிடம் உள்ள வீடுகளைப் பொதுப் பட்டியல் ஒன்றில் ஏற்றிப் பகிர்ந்துகொள்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. இருப்பது வாட்ஸ்அப் குழுக்கள். ஒரு தரகர் ‘மடிப்பாக்கம், 2 பெட்ரூம், கிழக்கு பார்த்தது, கார் பார்க்கிங்’ என்று போடுவார். தெருப் பெயர் வராது, முகப்புப் படம் வராது. முகவரி தெரிந்தால் இன்னொரு தரகர் நேரே உரிமையாளரிடம் போய்விடுவார். வாங்க வந்தவரும் போகலாம். உழைப்புக்குக் கூலி நிச்சயமில்லாத தொழிலில் தகவலை மூடி வைப்பதுதான் ஒரே பாதுகாப்பு. விளைவாக ஒரே ஃபிளாட் மூன்று தரகர்களின் பெயரில் மூன்று விலையில் சுற்றுகிறது. வாங்குகிறவர் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை அழைத்துப்போகப்பட்டு, படிக்கட்டில் நின்று விழிப்பதும் நடக்கிறது.

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்கள் 2000-களின் நடுவில் வந்தபோது தரகர்களின் காலம் முடிந்தது என்றார்கள். 2014-இல் பெங்களூரில் தொடங்கிய நோபுரோக்கர் அதைப் பெயரிலேயே சொன்னது. தகவல் தேடும் வேலையில் ஒரு பகுதியை இவை தரகரிடமிருந்து பறித்தன என்பது உண்மை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்களுக்குக் கதவு திறந்துவிடுவதை எந்தத் தளமும் பறிக்கவில்லை. பேரம் ஒரு லட்சத்தில் முட்டி நிற்கும்போது இரண்டு பக்கமும் தனித்தனியாக டீ குடித்து ஐம்பதாயிரத்தில் முடிப்பதும் அவரிடமே மிஞ்சியிருக்கிறது. மற்றபடி அந்தத் தளங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர்களும் தரகர்களே. சந்தையில் இல்லாத மலிவு விலைக்கு ஒரு வீட்டைப் போட்டு, அழைத்தவரிடம் “அது நேத்துதான் முடிஞ்சுது, இன்னொண்ணு இருக்கு” என்று சொல்லும் தூண்டில் அங்கேதான் அதிகம்.

மனை வியாபாரத்தின் விளம்பரக் கதை இதைவிட வண்ணமயமானது. தொலைக்காட்சியில் சீரியல் முகம் ஒன்று பச்சைப் பசேல் என்ற பின்னணியில் நின்று, “பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்” என்று சொன்னதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஊருக்குள்ளிருந்து இலவச வேன், மதியம் பிரியாணி, அன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசு. செம்மண் நிலத்தில் வெள்ளையடித்த கற்கள், கலர் கொடிகள், வளைவு வைத்த நுழைவாயில். வேனில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பதற்றப்பட்டு வாங்குவதற்கான ஏற்பாடு அது. இப்படி விற்ற மனைகளில் பெருந்தொகை முறையான அங்கீகாரம் இல்லாதவை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடை போட்டபோது, சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கியவர்கள் கையில் விற்க முடியாத பத்திரம் நின்றது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு பகுதியைச் சரிசெய்தது. வேனில் அழைத்துப்போன ஏஜென்ட் தன் கமிஷனை எப்போதோ வாங்கிச் செலவழித்திருப்பார்.

இந்த மாதிரி கூத்துகளுக்குக் கடிவாளமாக வந்ததுதான் ரெரா என்கிற மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016. அடுத்த ஆண்டு மே 1-இலிருந்து முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, வீடுகள் எட்டைத் தாண்டினாலோ அந்தத் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. எழுத்துபூர்வ ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. தரகருக்கும் இதில் தனிப் பிரிவுகள் உண்டு. அவரும் பதிவு எண் பெற வேண்டும், பதிவாகாத திட்டத்தை விற்றுத்தரக் கூடாது, கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது, முன்பதிவின்போது ஆவணங்களை வாங்குகிறவர் கையில் தர வேண்டும். மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம் அபராதம். அது விற்ற சொத்தின் மதிப்பில் ஐந்து சதவீதம்வரை ஏறலாம். மகாராஷ்டிரம் 2023-இல் இன்னும் ஓர் அடி போய், பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறினால்தான் முகவர் பதிவு என்று ஆக்கியது.

நல்ல சட்டம்தான். ஆனால் அது பேசுவது பதிவுக்கு உட்பட்ட புதிய திட்டங்களைப் பற்றி மட்டுமே. அண்ணா நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் விற்கும் பழைய ஃபிளாட், மதுரை கே.கே. நகரில் பாகப்பிரிவினைக்குப் பின் விலைக்கு வரும் தனி வீடு, திருச்சியில் வாடகைக்கு விடும் மாடிப் போர்ஷன் எல்லாம் அதன் கண்ணுக்கு வெளியே. சாதாரணக் குடும்பம் தரகரைச் சந்திப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். இங்கே தரகராக ஒரு செல்போன் போதும்.

இதே மறுவிற்பனையில்தான் தரகரின் அறிவு அதிகம் தேவைப்படுகிறது. காரணம் நம் பதிவு முறை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் பதிவது பத்திரத்தை. அந்தச் சொத்து விற்கிறவருடையதுதானா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை ரத்து செய்த 2025 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொன்னது. பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பும் வாடிக்கையாளரை உட்காரவைத்து, அப்படியல்ல என்று சொல்வது தரகரின் முதல் கடமை.

சொல்ல வேண்டியவை நிறைய. வில்லங்கச் சான்றில் பாக்கி ஒன்றும் இல்லை என்பதால் வில்லங்கமே இல்லை என்று ஆகிவிடாது. பதிவுக்கு வந்தவை மட்டுமே அதில் தெரியும். உயிலைப் பதிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தாத்தா பீரோவில் வைத்துவிட்டுப் போன உயில் எந்தச் சான்றிலும் வராது. நீதிமன்றத்தில் ஓடும் பாகப்பிரிவினை வழக்கும் வராமல் இருக்கலாம். பட்டா பெயர், மூலப்பத்திரத்தின் பெயர், இன்று விற்கிறவர் பெயர் ஆகிய மூன்றும் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டிருக்க வேண்டும். நடுவில் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும், கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும். “அக்கா எதுவும் கேட்க மாட்டாங்க” என்று தம்பி சொல்வதை நம்பி வாங்கியவர்கள் நீதிமன்ற வராந்தாவில் அக்காவைச் சந்திக்கிறார்கள். பவர் பத்திரத்தை மட்டும் காட்டிக் கைமாற்றும் சொத்தில் உரிமை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. கோயில் நிலம், வக்ஃப் நிலம், பஞ்சமி நிலம், ஏரிப் புறம்போக்கு ஆகியவற்றில் மாட்டினால் காலத்துக்கும் வழக்குதான். அங்கீகரித்த வரைபடத்தில் இரண்டு மாடி, நிற்பது மூன்று மாடி என்றால் வங்கியின் மதிப்பீட்டாளர் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். அதற்குள் டோக்கன் அட்வான்ஸ் கைமாறியிருக்கும்.

தரகர் வழக்கறிஞர் அல்ல; கருத்துரை எழுதித் தருவது அவர் வேலையும் அல்ல. ஆனால் ஒரே பேட்டையில் இருபது வருடம் சுற்றியவருக்கு எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் பங்காளித் தகராறு, எந்த அடுக்ககத்தில் சம்ப்பில் கழிவுநீர் கலக்கிறது, 2015 டிசம்பரில் எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்பதெல்லாம் தெரியும். கடைசியாகச் சொன்னது எந்த ஆவணத்திலும் கிடையாது. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். தரகர் அங்கே வாய் திறந்தால் அந்த விற்பனை நின்றுபோகலாம், அவருடைய ஒன்றரை லட்சமும் போகும். மூடிக்கொண்டால் யாரும் அவரைக் கேட்க முடியாது.

பணக் கணக்கிலும் இதே கதை. “லோன் முழுசா ஆயிடும் சார்” என்பது தரகர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம்வரையிலான கடன் என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம்வரை தரலாம், 75 லட்சம்வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். முன்சொன்ன ஃபிளாட்டை 70 லட்சத்துக்கு முடித்தால் கடன் அதிகபட்சம் 56 லட்சம். மீதி 14 லட்சம் கைப்பணம். முத்திரைத் தீர்வை, கூடுதல் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 2023 ஏப்ரலிலிருந்து ஒன்பது சதவீதம், அது 6.3 லட்சம். இந்த அளவுள்ள ஃபிளாட்டில் பதிவுச் செலவுக்கு வங்கி கடன் தராது. ஒரு சதவீதத் தரகு 70 ஆயிரம். ஆக 21 லட்சம் ரொக்கமாகக் கையில் இல்லாதவர் இந்த வீட்டைப் பார்க்கப் போவதே வீண் அலைச்சல். இதை முதல் சந்திப்பில் ஒரு தாளில் எழுதிக் காட்டும் தரகர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் கூட்டம் குறைவு.

விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் ஒரு சதவீதத்தை வருமான வரிக்குப் பிடித்துக் கட்ட வேண்டும். விற்கிறவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் அந்த ஒரு சதவீதம் செல்லாது. பிடிக்க வேண்டியது அதைவிட மிக அதிகம். பிள்ளைகள் அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்கிற மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் இதைத் தவறவிட்டு, பிறகு வரித்துறை கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பவர் வாங்கியவரே. ‘கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை’ யோசனையைத் தரகரே எடுத்துக் கொடுப்பதும் உண்டு. சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம் என்பதை அந்த நேரத்தில் அவர் நினைவுபடுத்துவதில்லை.

வாடகைச் சந்தையில் தரகர் செய்யும் இன்னொரு வேலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர் ஒரு சல்லடை. “சைவமா சார்?” என்று தொடங்கும் விசாரணை, “சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு?” என்று போய், கேட்க வேண்டியதைக் கேட்காமலே தெரிந்துகொள்ளும். முஸ்லிம் குடும்பங்கள், தலித்துகள், தனியாக வாழும் பெண்கள், பேச்சிலர்கள் ஆகியோருக்கு வீடு ‘இப்பதான் முடிஞ்சுது’ என்று ஆகிவிடும். உரிமையாளர் தன் வாயால் சொல்லக் கூசுவதைச் சொல்வதற்கும் சேர்த்துத்தான் இங்கே கமிஷன். இன்ன இனத்தாரை இன்ன தெருவுக்கு மட்டும் அழைத்துப்போவது அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு வீட்டுரிமைச் சட்டத்தால் குற்றம். அங்கே அது ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை; ஆனால் வழக்குப் போட இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. யாருக்கு வீடு மறுக்கப்படுகிறது என்பது அதன் கவலைக்குள் வரவில்லை. தரகர்களோ இன்னும் பழைய பதினோரு மாத முத்திரைத்தாளையே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, ‘ஒவ்வொரு தரப்பிலும்’ என்று விட்ட இடத்துக்கு வரலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் என்பவருக்கு ஒரு முதலாளி உண்டு. அவருடைய சொற்படி நடக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், அவருக்குத் தெரியாமல் தன் ஆதாயத்துக்காகப் பேரம் பேசக் கூடாது. நம் தெருவில் நடப்பதோ வேறு. உரிமையாளர் “எனக்குக் கையில 60 வந்தா போதும்” என்பார். தரகர் 65-க்கு முடித்து, மேலே வைத்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கமிஷனும் வாங்குவார். விலை ஏற வேண்டும் என்பவரிடமும் குறைய வேண்டும் என்பவரிடமும் ஒரே ஆள் கூலி வாங்கும்போது அவர் இருவருக்காகவும் உழைக்க முடியாது. அவர் உழைப்பது பத்திரம் சீக்கிரம் பதிவாவதற்காக. அதில் மட்டும்தான் அவருக்குப் பணம். இருபது வீடு காட்டி, நான்கு ஞாயிறு அலைந்து, கடைசியில் வெள்ளத் தெரு வீட்டை வாங்க விடாமல் தடுத்தவருக்கு இந்த முறையில் பெட்ரோல் காசுகூடத் தேறாது.

சிங்கப்பூர் இந்த முடிச்சை 2010-இல் சட்டம் போட்டு வெட்டியது. ஒரே பேரத்தில் ஒரே முகவர் இரண்டு தரப்புக்கும் நிற்கக் கூடாது, விற்பனைப் பணத்தைக் கையால் தொடக் கூடாது, ஒவ்வொருவருக்கும் பொதுப் பதிவேட்டில் எண் உண்டு. அங்கே வீடு வாங்கும் நம்மவர்கள் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகே முகவரிடம் பேசுகிறார்கள். அமெரிக்காவில் வாங்குகிறவரின் முகவருக்கான கமிஷனையும் விற்கிறவர் தலையில் கட்டிவந்த வழக்கம் நீதிமன்றம்வரை போனது. 2024-இல் அங்குள்ள தேசிய முகவர் சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டிலிருந்து, வீடு காட்டும் முன்பே கட்டணம் எவ்வளவு என்று வாங்குகிறவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி மாறியது.

நம் ஊருக்குச் சிங்கப்பூர் விதிகளை அப்படியே இறக்கினால் அலுவலகம் வைத்தவர் பிழைப்பார், இஸ்திரி வண்டிக்காரர் தகவல் மட்டும் விற்பார், நடுவில் இருக்கும் பேட்டைத் தரகர் காணாமல் போவார். வெள்ளத் தெரு எது என்று தெரிந்தவர் அவர்தான். அதனால் தேர்வு, உரிமம் என்று மேலிருந்து தொடங்குவதைவிட, ஒரு பக்கத் தாளில் தொடங்கலாம் என்பது என் கட்சி. யாருக்காக வேலை செய்கிறார், எவ்வளவு, எப்போது, மறுதரப்பிலும் வாங்குகிறாரா, விற்பனை நடக்காவிட்டால் வீடு காட்டிய அலைச்சலுக்கும் ஆவணம் எடுத்துப் பார்த்ததற்கும் என்ன கூலி என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை எழுதிக் கேட்டால் சில தரகர்கள் “என் மேல நம்பிக்கை இல்லையா சார்?” என்று முகம் சுளிப்பார்கள். சிலர் பேனாவை எடுப்பார்கள்.